சிறிய மடிக்கணினி சிக்கனமா?

கல்லூரிச் சேர்க்கை முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் பருவத்தில், கணினி கற்பிக்கும் என்னைப் போன்றோரிடம் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 11 அங்குலத் திரையும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும் எடையும் கொண்ட சிறிய மடிக்கணினி, 15,000 ரூபாய்க்கும் 20,000 ரூபாய்க்கும் இடையில் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா என்பதே அந்தக் கேள்வி. பார்ப்பதற்கு அது மற்ற மடிக்கணினியைப் போலவே இருக்கிறது. விலையோ ஏறத்தாழப் பாதி. பிறகு எதற்காகத் தயங்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே.

இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் விடை சொல்லி அனுப்பிவிட முடிவதில்லை. கேட்பவர் பெரும்பாலும் விசைத்தறித் தொழிலாளியாகவோ, ஆட்டோ ஓட்டுநராகவோ, துணிக்கடை ஊழியராகவோ இருக்கிறார். அந்த 15,000 ரூபாய் அவருக்கு ஒரு மாத ஊதியம். சில வேளைகளில் அதற்கும் மேல். நகையை அடகு வைத்தோ, மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்றோ, மாதத் தவணையிலோதான் அந்தப் பணம் வரப்போகிறது. மூன்றாண்டு அல்லது நான்காண்டுப் படிப்புக்கு ஒரே ஒரு முறைதான் அந்தக் குடும்பம் கணினி வாங்கும். பொருத்தமற்ற கருவி வீட்டுக்கு வந்துவிட்டால் இரண்டாவது வாய்ப்பு இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய, மலிவான மடிக்கணினி மோசமான பொருள் அன்று. ஆனால், அது பெரிய மடிக்கணினியின் பாதி விலைப் பதிப்பும் அன்று. அது வேறு வகைக் கருவி. இன்ன வேலைக்கு என்று வரையறுத்துக்கொண்டு வாங்கியவருக்கு அது உழைக்கிறது. எல்லா வேலைக்கும் என்று வாங்கியவரை அது கைவிடுகிறது. எனவே விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்த வேலைக்கு? அதில் எதையெல்லாம் பின்னாளில் மாற்ற முடியாது? எத்தனை ஆண்டுகளுக்கு?

இந்த வகைக் கருவியின் வரலாறே இதற்குச் சான்று. 2005-ஆம் ஆண்டில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, வளரும் நாடுகளின் பள்ளிக் குழந்தைகளுக்காக 100 டாலர் மடிக்கணினி என்ற திட்டத்தை அறிவித்தார். 2007-இல் அந்தக் கணினி உற்பத்திக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 200 டாலரை நெருங்கியிருந்தது. அதே ஆண்டில் தைவானின் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குறுங்கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 7 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 4 ஜிபி சேமிப்பிடம், லினக்ஸ் இயங்குதளம், அவ்வளவுதான். இணையம் பார்க்கவும் மின்னஞ்சல் அனுப்பவும் சிறு கட்டுரை எழுதவும் மட்டுமே அது உருவாக்கப்பட்டது. முதலில் 199 டாலர் என்று அறிவிக்கப்பட்ட அக்கருவியின் 4 ஜிபி மாதிரி விற்பனைக்கு வந்தபோது ஏறத்தாழ 400 டாலராக இருந்தது. அப்படியிருந்தும் உலகெங்கும் அது பரபரப்பாக விற்றது. நெட்புக் என்ற பெயர் பரவியது.

பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. வாங்கியவர்கள் அதில் தங்களுக்குப் பழகிய விண்டோஸ் வேண்டும் என்றார்கள். அன்றைய விண்டோஸ் விஸ்டாவைச் சுமக்க அந்தச் சிறு கருவிகளால் இயலவில்லை. ஆகவே, 2008-இல் விற்பனையை நிறுத்தவிருந்த எக்ஸ்பி இயங்குதளத்தின் ஹோம் பதிப்பை, இவற்றுக்காகவே மேலும் இரண்டாண்டுகள் மைக்ரோசாஃப்ட் நீட்டித்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பிலோ திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. ஒரு பக்கம் வாங்குவோரின் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனது. மறுபக்கம் கருவியின் ஆற்றல் அதே இடத்தில் நின்றது. 2010-இல் ஐபேட் வந்தது. கைப்பேசிகளும் திறன் பெற்றன. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் ஆசுஸ், ஏசர் ஆகிய இரு நிறுவனங்களும் நெட்புக் உற்பத்தியைக் கைவிட்டன.

நெட்புக் சிறியதாக இருந்ததால் தோற்றது என்று நான் கருதவில்லை. ஐபேட் அதைவிடச் சிறியது. முழுக் கணினி செய்யும் அனைத்தையும் பாதி விலையில் செய்யும் என்ற எதிர்பார்ப்போடு விற்கப்பட்டதும் வாங்கப்பட்டதுமே அதன் வீழ்ச்சிக்குக் காரணம். இன்று நெட்புக் என்ற பெயர் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் பொருள் வழக்கொழியவில்லை. மாணவர் மடிக்கணினி, மெல்லிய மடிக்கணினி, குரோம்புக் எனப் பல பெயர்களில் அது மீண்டும் கடைகளில் இருக்கிறது. பழைய எதிர்பார்ப்பும் உடன் இருக்கிறது.

சரி, விலை எவ்வாறு பாதியாகிறது? முதலாவது, கணினியின் மூளையான பிராசஸர். இத்தகைய கருவிகளில் இன்டெல் செலரான் வரிசையைச் சேர்ந்த பிராசஸர்களோ, கைப்பேசிகளில் இருப்பது போன்ற பிராசஸர்களோ இருக்கும். எடுத்துக்காட்டாக, செலரான் என்4020 என்பதில் இரண்டு உள்ளகங்கள் மட்டுமே உண்டு. அது 6 வாட் அளவிலான மின்திறனுக்கென வடிவமைக்கப்பட்டது. வழக்கமான மடிக்கணினி பிராசஸர்கள் பல 15 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. குறைந்த மின்சாரம் என்பதால் வெப்பம் குறைவு. வெப்பம் குறைவு என்பதால் விசிறி தேவையில்லை. எனவே எடையும் ஓசையும் இல்லை. இவை நல்ல பண்புகளே. ஆனால் ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கொடுத்தால் அது திணறும். 2023-இல் வந்த என்100 என்ற பிராசஸரும் 6 வாட்தான். ஆயினும் அதில் நான்கு உள்ளகங்கள் உண்டு, வேகமும் கணிசமாக அதிகம். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் காட்டிலும் பிராசஸரின் எண்ணைக் கேட்டறிவதே முதன்மையானது.

இரண்டாவது, ரேம். கணினி வேலை செய்யும்போது தன் முன் விரித்துவைத்துக்கொள்ளும் மேசை என்று இதைச் சொல்லலாம். மேசை சிறிதாக இருந்தால் ஒரு நூலை எடுக்க இன்னொன்றை மூடி வைக்க வேண்டும். விண்டோஸ் 11 இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. மலிவுக் கருவிகள் பலவற்றில் இருப்பதும் சரியாக அந்த 4 ஜிபிதான். குறைந்தபட்சம் என்பது இயங்குவதற்கான அளவு. வசதியாக வேலை செய்வதற்கான அளவு அன்று. இணைய உலாவியில் ஏழெட்டுப் பக்கங்களும் ஒரு காணொலி வகுப்பும் ஒரு கட்டுரைக் கோப்பும் திறந்திருந்தால் 4 ஜிபி நிரம்பிவிடும். அதன்பின் சுட்டியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வழக்கமான மடிக்கணினிகள் பலவற்றில் பின்னாளில் ரேமைக் கூட்டிக்கொள்ள இடம் இருக்கும். இச்சிறு கருவிகளிலோ அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. விலையைத் தாழ்த்திக் காட்ட விரும்பும் நிறுவனம் முதலில் கைவைக்கும் இடமும் இதுவாகவே இருக்கும்.

மூன்றாவது, சேமிப்பிடம். இதில்தான் வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள். விளம்பரத்தில் 64 ஜிபி என்று இருக்கும். கணினி அளவிடும் முறையில் அது ஏறத்தாழ 59 ஜிபியாகத் தெரியும். விண்டோஸும் அதன் துணைக் கோப்புகளும் 25 முதல் 30 ஜிபி வரை பிடித்துக்கொள்ளும். எஞ்சியதில்தான் மாணவர் தம் மென்பொருள்களையும் கோப்புகளையும் வைக்க வேண்டும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு வரும்போது, அது தன்னை நிறுவிக்கொள்ளவே பல ஜிபி காலியிடம் கேட்கும். இடமில்லை என்றால் புதுப்பிப்பு நின்றுபோகும். பாதுகாப்பும் அத்துடன் நின்றுபோகும். மேலும் இவற்றில் இருப்பது பெரும்பாலும் இஎம்எம்சி என்ற வகை. கைப்பேசிகளிலும் நினைவக அட்டைகளிலும் உள்ள தொழில்நுட்பத்தின் உறவு அது. எஸ்எஸ்டி எனப்படும் வகையைவிட வேகம் குறைந்தது. இதுவும் பற்றவைக்கப்பட்டதே. அது பழுதானால் மதர்போர்டையே மாற்ற வேண்டும்; அதற்கான செலவு பழைய கருவியின் மதிப்பையே தாண்டிவிடக்கூடும்.

நான்காவது, கண்ணும் கையும் படும் பகுதிகள். திரையின் ஒளி மங்கலாக இருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறும். விசைப்பலகையின் விசைகள் சற்றே குறுகியிருக்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் தட்டச்சு செய்வோருக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. தமிழ்99 முறையில் ஏறத்தாழ எல்லா எழுத்து விசைகளும் பயன்படுகின்றன. நெருக்கமான விசைகளில் பிழை மிகும். நாளொன்றுக்கு நூறு முறை திறந்து மூடப்படும் கீல் உறுதியாக இருக்கிறதா என்பதையும் கையால் அசைத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். இவை எவையும் விளம்பரப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

இயங்குதளத்தைப் பற்றியும் தனியே சொல்ல வேண்டும். சில கருவிகள் விண்டோஸ் எஸ் மோட் என்ற நிலையில் வருகின்றன. அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டுமே நிறுவ முடியும். கட்டணமின்றி அதிலிருந்து வெளியேறலாம். ஆனால் மீண்டும் திரும்ப முடியாது. குரோம்புக் என்பது வேறு வகை. அதில் பெரும்பாலான வேலை உலாவியிலேயே நடக்கும். 4 ஜிபி ரேமில்கூட விண்டோஸைவிடச் சுறுசுறுப்பாக இயங்கும். ஆனால் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்களை நேரடியாக நிறுவ இயலாது. 2021-ஆம் ஆண்டு முதல் வெளியான குரோம்புக்குகளுக்குப் பத்தாண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்று கூகுள் 2023-இல் அறிவித்தது. இந்தப் பத்தாண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அந்த மாதிரிக்கு அடிப்படையான வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. ஐந்தாண்டுகளுக்கு முன் வெளியான மாதிரியைத் தள்ளுபடி விலையில் இன்று வாங்கினால், பாதிக் காலம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

ஆண்டுக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு விண்டோஸ் 10 அண்மைய எடுத்துக்காட்டு. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறத் தகுதியில்லாத பழைய கணினிகள், பழுதில்லாமலேயே பயனிழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டன. கணினி உடைந்துபோவதால் மட்டுமே வயதாவதில்லை. மென்பொருள் அதைக் கைவிடும்போதும் அதன் வயது முடிகிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. விண்டோஸ் கைவிட்ட கருவியில் லினக்ஸை நிறுவிச் சில ஆண்டுகள் ஓட்டலாம். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்ததைப் பலர் நினைவுகூரக்கூடும். லினக்ஸ் நம் மாணவர்களுக்குப் புதியது அன்று.

இப்போது எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 16,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி இரண்டாண்டுகளில் பயன்படாமல் போனால், ஆண்டுக்கு 8,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. 32,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி ஐந்தாண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 6,400 ரூபாய்தான். பாதி விலைப் பொருள் உண்மையில் விலை கூடியது. இதே 16,000 ரூபாய்க் கருவி நான்காண்டுகள் உழைத்தாலோ, ஆண்டுக்கு 4,000 ரூபாய் என்று கணக்கு தலைகீழாகிவிடும். எனவே விலையைத் தீர்மானிப்பது விலைச்சீட்டு அன்று, கருவி உழைக்கும் ஆண்டுகளே. அந்த ஆண்டுகளைத் தீர்மானிப்பது நாம் அதற்குக் கொடுக்கும் வேலை.

கையில் 32,000 ரூபாய் இருப்பவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு பயன்படும் என்ற எதிர்வாதம் நியாயமானது. கையில் இருப்பதே 16,000 ரூபாய் எனும் குடும்பத்திடம், ஐந்தாண்டுக் கணக்கைக் காட்டிப் பயனில்லை. அக்குடும்பத்துக்குச் சிறிய மடிக்கணினியின் போட்டியாளர் பெரிய மடிக்கணினி அன்று. மாணவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசிதான். அந்த ஒப்பீட்டில் சிறிய மடிக்கணினியே வெல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கைப்பேசியில் வகுப்பைக் கேட்கலாம், பாடத்தைப் படிக்கலாம். ஆனால் இருபது பக்கத் திட்டக் கட்டுரையை எழுதுவது, அட்டவணையைத் தயாரிப்பது, இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டுத் திருத்துவது, வேலைக்கான தன்விவரக் குறிப்பைச் செம்மை செய்வது ஆகியவற்றைப் பெருவிரல்களால் செய்து முடிப்பது பெரும்பாடு. கைப்பேசியிலேயே மூன்றாண்டுகளை முடித்த மாணவர்கள், நேர்காணலில் கணினி முன் அமர்த்தப்படும்போது தடுமாறுவதை நான் கண்டிருக்கிறேன். அறிவுக் குறைவு அன்று அது. விசைப்பலகை பழகாத குறை.

ஆகவே யாருக்கு இது பொருந்தும் என்று பார்ப்போம். தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல் போன்ற கலைப் பாடங்களைப் படிப்போருக்கு எழுதுவதும் தேடுவதும் படிப்பதுமே பெரும்பான்மை வேலை. அதற்கு இக்கருவி போதும். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்பிடெல் வகுப்புகள், ஸ்வயம் தளத்தின் பாடங்கள், மும்பை ஐஐடியின் தமிழிலும் கிடைக்கும் ஸ்போக்கன் டுடோரியல் பயிற்சிகள், தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளில் இணையவழி நடப்பவை ஆகியவற்றை இதில் தடையின்றிக் காணலாம். வணிகவியல் மாணவருக்குக் கணக்குப் பதிவு மென்பொருள் தேவை. அது எடை குறைந்தது என்பதால் ஓடும், ஆனால் குரோம்புக்கைத் தவிர்த்து விண்டோஸ் உள்ளதாகப் பார்க்க வேண்டும். பைத்தான், சி போன்ற மொழிகளில் அடிப்படைப் பயிற்சிக்கும் தடையில்லை. நாள்தோறும் நகரப் பேருந்தில் நின்றுகொண்டே செல்லும் மாணவருக்கு ஒரு கிலோ எடை என்பதும், மின்தடை நேரத்திலும் பல மணி நேரம் தாங்கும் பேட்டரி என்பதும் சிறிய வசதிகள் அல்ல.

யாருக்குப் பொருந்தாது என்பதும் தெளிவு. கட்டடப் பொறியியல், இயந்திரப் பொறியியல் மாணவருக்கு ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருள் தேவை; அதற்கே 8 ஜிபி ரேம் வேண்டும். கைப்பேசிச் செயலிகளை உருவாக்கப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்கும் அப்படியே. காட்சித் தொடர்பியல் படிப்போர் காணொலியைத் தொகுக்க வேண்டும். தரவு அறிவியல் படிப்போர் பெரிய கோப்புகளைக் கையாள வேண்டும். இவர்களுக்குச் சிறிய மடிக்கணினியை வாங்கித் தருவது, கடன் தீர்வதற்கு முன்பே கருவி தீர்ந்துபோகும் நிலையை வரவழைப்பதாகும். முதல் பருவத்தில் ஓடும்; மூன்றாம் பருவத்தில் நின்றுவிடும்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணனுக்கு 40,000 ரூபாய் மடிக்கணினி, தங்கைக்கு 15,000 ரூபாய் மடிக்கணினி என்று முடிவெடுக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் வணிகவியல், தங்கை கணினிப் பொறியியல் என்றாலும் முடிவு மாறுவதில்லை. "பெண்பிள்ளைக்கு இது போதும்" என்ற சொல் அன்பாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அதன் விளைவு மூன்றாம் ஆண்டில், அவள் தன் திட்டப்பணியைத் தோழியின் கணினியில் செய்து முடிக்க இரவல் நேரம் கேட்கும்போது தெரியும். எந்தக் கருவி என்பதைப் படிப்புதான் தீர்மானிக்க வேண்டும்; படிக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பது அன்று.

அதே தொகைக்கு வேறு வழி இல்லையா என்றால், உண்டு. பெருநிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளைச் சில ஆண்டுகளில் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. அவை துப்புரவு செய்யப்பட்டு, பழுது நீக்கப்பட்டு, மறுவிற்பனைக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் பிற நகரங்களின் கணினிக் கடைத் தெருக்களிலும் இவை கிடைக்கும். லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் போன்ற வரிசைகள் அலுவலகப் பயன்பாட்டுக்காக உறுதியாகச் செய்யப்பட்டவை. அவற்றில் பல மாதிரிகளில் ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றிக்கொள்ளலாம், உதிரிபாகங்களும் கிடைக்கும். புதிய சிறு மடிக்கணினியின் விலையை ஒட்டியே, நான்கு உள்ளகங்கள் கொண்ட ஐ5 பிராசஸரும் 8 ஜிபி ரேமும் உள்ள பழைய கணினி கிடைப்பதுண்டு. வேலைத்திறனில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை.

ஆனால் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்கள் ஏறத்தாழ அனைத்தும் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. எனவே எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ எனக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பழைய பேட்டரியின் கொள்ளளவு தேய்ந்திருக்கும். புதிய பேட்டரிக்கான செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முறையான ரசீதும் குறைந்தது ஆறு மாத உத்தரவாதமும் தராத கடையில் வாங்கக் கூடாது. ரசீது இல்லாத கணினி திருட்டுப் பொருளாக இருக்கவும் வாய்ப்புண்டு. எடையும் சற்றுக் கூடுதலாக இருக்கும். துணைக்குக் கணினி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்ல முடியாதவருக்கு, உற்பத்தியாளரின் உத்தரவாதத்தோடு வரும் புதிய சிறு மடிக்கணினி தரும் மன நிம்மதியையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை.

கடன் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேறொன்றும் உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு, இரண்டாண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்து, முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. தம் பிள்ளை படிக்கும் கல்லூரியும் ஆண்டும் அரசுத் திட்டத்தின் வரம்புக்குள் வருகின்றனவா என்று கல்லூரி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டும். கல்லூரியின் கணினி ஆய்வகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதையும் கேட்கலாம். முதல் பருவத்தை ஆய்வகத்திலேயே கழித்து, படிப்புக்கு உண்மையில் எது தேவை என்று தெரிந்த பிறகு வாங்குவதால் குறைவொன்றும் இல்லை. துறை ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசினால், நான்காண்டுகளில் எந்தெந்த மென்பொருள் தேவைப்படும் என்று அவரே சொல்லிவிடுவார்.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். இத்தகைய திட்டங்களில் வட்டி, நடைமுறைக் கட்டணம் என்ற பெயரில் மறைக்கப்படுவதாக ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்பதைத் தாளில் கூட்டிப் பார்த்து, முழுத் தொகையைக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கடையில் சோதிக்க வேண்டியவை சில. கருவியை இயக்கச் சொல்லி, பிராசஸரின் எண், ரேம், சேமிப்பிடத்தின் வகை ஆகியவற்றை அமைப்புகள் பகுதியில் கண்ணால் பார்க்க வேண்டும். உலாவியில் எட்டுப் பக்கங்களைத் திறந்து, ஒன்றில் காணொலியை ஓடவிட்டு, அதன் நடுவே ஒரு பத்தி தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். எழுத்து விரலைத் தொடர்ந்து வருகிறதா, பின்தங்கி வருகிறதா என்பது அந்த ஒரு நிமிடத்தில் புலப்படும். ரேமைக் கூட்ட முடியுமா, சேமிப்பிடத்தை மாற்ற முடியுமா என்று கேட்டு, விடையை ரசீதின் பின்புறம் எழுதித் தரச் சொல்லலாம். பழுது நீக்கும் மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதும் கிராமப்புற மாணவருக்கு முதன்மையான கேள்வி. வாங்கிய நாளன்றே கோப்புகளை இணையச் சேமிப்பகத்திலோ பென் டிரைவிலோ படியெடுத்து வைக்கும் பழக்கத்தையும் தொடங்கிவிட வேண்டும்.

இவ்வளவையும் ஒரு விசைத்தறித் தொழிலாளி கேட்டறிந்துதான் கணினி வாங்க வேண்டும் என்பது நியாயமா? இல்லை. குளிர்பதனப் பெட்டியின் மீது மின்சிக்கன நட்சத்திரங்களை ஒட்டுமாறு செய்ய நம்மால் முடிந்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் 2021 முதல், மடிக்கணினியைப் பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்பதற்கான மதிப்பெண்ணை விற்பனை இடத்தில் காட்ட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவிலும் பழுது நீக்கும் உரிமைக்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அடுத்த படி எடுக்கப்பட வேண்டும். ரேமை மாற்ற முடியுமா, சேமிப்பிடத்தை மாற்ற முடியுமா, மென்பொருள் புதுப்பிப்பு எந்த நாள் வரை கிடைக்கும் என்ற மூன்று செய்திகளும் பெட்டியின் மீது தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அச்சிடப்பட வேண்டும். இதனால் நிறுவனங்களுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஏழைக் குடும்பத்துக்கு மிச்சமாகும் பணமோ ஒரு மாத ஊதியம்.

அதுவரை, என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் விடை இதுதான். எழுதவும் படிக்கவும் பாடம் கேட்கவும் மட்டும் என்றால், சிறிய மடிக்கணினியைத் தயங்காமல் வாங்கலாம். அப்போதும் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ளதற்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூடுதலானாலும் அதையே வாங்குங்கள். 4 ஜிபி, 64 ஜிபி என்று இரண்டும் சேர்ந்து வரும் விண்டோஸ் கருவியை எந்தத் தள்ளுபடியிலும் வாங்காதீர்கள். படிப்புக்குக் கனமான மென்பொருள் வேண்டும் என்றால், விவரம் அறிந்த ஒருவரோடு சென்று நல்ல பழைய கணினியைத் தேடுங்கள். எது என்று தெளிவாகவில்லை என்றால் ஒரு பருவம் பொறுத்திருங்கள். கணினி அடுத்த ஆண்டும் கிடைக்கும். அடகுக் கடைக்குப் போன நகை அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை.